நிறம் பார்த்துத் தைத்த தெரு

வலது கண்ணில் புரை எடுத்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பத்து நாளைக் கழித்துவிட்டு, பதினோராம் நாள் காலையில் வெறுங்கண்ணோடு வீட்டைச் சுற்றிப் பார்த்த டெய்லர் ஜெபமணி, தான் இத்தனை காலமாக மஞ்சள் என்று நம்பியிருந்த சுவர் வெள்ளை என்றும், கறுப்பு என்று நம்பிச் சாவு வீடுகளுக்கெல்லாம் கட்டிக்கொண்டு போன சேலை கருநீலம் என்றும் கண்டுபிடித்து, வேறு எதிலெல்லாம் ஏமாந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப்பெட்டியைத் திறந்தபோது, பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பாதியில் விட்ட ஒட்டுத்துணிப் போர்வை அந்துருண்டை வாசனையோடு மேலாகக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு மெஷின் மிதிக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கைத்தையல் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் போர்வையில் வரிசைக்கு ஏழாக ஐந்து வரிசை, ஆக முப்பத்தைந்து சதுரங்கள் வரவேண்டும். ஒவ்வொரு சதுரமும் கம்மாய்க்கரைத் தெருவில் ஒவ்வொரு வீட்டின் துணி. ஜெபமணியும் அவள் தங்கை சலோமியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒன்றாகத் தையற்கடை நடத்திய காலத்தில், வீடுகள் இருக்கிற வரிசையிலேயே சதுரங்களும் இருக்கவேண்டும் என்று சலோமி சொல்லி, அதன்படியே பதினேழு தைத்தார்கள். பதினேழாவது, ஜெபமணி வீட்டுக் காப்பிக்கொட்டை நிறம். பதினெட்டாவது, சலோமி வீட்டுக் கிளிப்பச்சை, போர்வைக்கு நட்டநடு. ஜெபமணி இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, "காப்பியில கிளி விழுந்த மாதிரி இருக்கு, இதக் கடைசி மூலைக்குத் தள்ளிருவோம்" என்றாள்.

"நெறம் சேரலன்னா என்னய மூலைக்குத் தள்ளிருவியா" என்று சலோமி கேட்டாள்.

துணியைத்தான் சொன்னேன் என்று ஜெபமணி சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள், "தள்ளுவேன்" என்றாள். அடுத்த மாதமே சலோமி, பம்பு மெக்கானிக்கான தன் கணவன் எட்வினைக் கூட்டிக்கொண்டு சுரண்டைக்குப் போய், மனை வாங்கி, வீடு கட்டிவிட்டாள். இங்கே இருந்த ஓட்டு வீடு இரண்டு மழையில் உட்கார்ந்து காலி மனையானது. அதன்பிறகு கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ அக்காவும் தங்கையும் எதிர்ப்பட்டால், நடுவில் யாரையாவது நிறுத்தி அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட, "அவள ஒரு வாய் காப்பி குடிக்கச் சொல்லுங்க" என்று ஜெபமணி பாதிரியாரிடம் சொன்னாள். பாதிரியார் போய்ச் சொன்னார். சலோமி பாதிரியாரிடம் வேண்டாம் என்றாள்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, நடுச்சதுரத்தின் இடத்தை ஓட்டையாகவே விட்டுவிட்டு, மீதிப் பதினேழு துண்டுகளையும் கட்டிலில் பரப்பி, இனி வரிசை கேட்க ஆள் இல்லை என்பதால் நிறம் பார்த்துத் தைப்பது என்று முடிவுசெய்த ஜெபமணி, பரோட்டாக் கடை அசன் மைதீன் வீட்டுக் கடுகு மஞ்சளுக்குக் கீழே, தெருக் கடைசியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோமதிநாயகம் வீட்டு இளநீலத்தை வைத்துத் தைத்து முடித்து நூலை இழுத்தாள்; அப்போது மணி காலை பத்தேகால்; கோமதிநாயகம் சாரின் வீடு, அவர் ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்தில் நுரையோடு நின்ற நிலையிலேயே, பீரோவை இழுக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு கிளம்பி, வேப்பமரத்தையும் கொடியில் காய்ந்த வேட்டியையும் கூட்டிக்கொண்டு, நூற்றைம்பது அடி நடந்து பரோட்டாக் கடையின் பின்னால் வந்து நின்றது. அடுப்பில் இருந்த பால் பொங்கவில்லை. சார் கதவைத் திறந்தார்.

"என்ன சார், இங்கன வந்துட்டீங்க" என்றார் அசன் மைதீன், மாவை வீசிக்கொண்டே.

"நான் வரலை. வீடு வந்திருக்கு."

"வந்தது வந்தீங்க, ஒரு டீ குடிங்க."

சார் முப்பது வருடமாக அந்தக் கடை வாசனை படாத தூரத்தில் வீடு வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். மறு கன்னத்தையும் மழித்துவிட்டு வந்து டீயைக் குடித்தார்.

இப்படி இன்னொரு வீடு வந்து இடம் பறிபோன வீடு, தன் சதுரம் தைக்கப்படும்வரை, தெருவுக்குப் பின்னால் இருந்த கம்மாய்க் கரையில் போய் நின்றது. மதியத்துக்குள் அப்படி மூன்று வீடுகள், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அங்கே காத்திருந்தன. அவற்றில் இருந்த பெண்கள், சும்மா நிற்பானேன் என்று கரையில் வடகம் காயப்போட்டார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் சொர்ணத்தாய். நகராட்சிக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. தெருவில் எது நகர்ந்தாலும் பார்த்துவிடுகிறவள். ஜெபமணியின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் உள்ளேயும் கொஞ்ச நேரம் வெளியேயும் பார்த்தாள்.

"யக்கா, நீ நூல இழுத்தா வீடு இழுபடுது."

"போ சொர்ணம், சோலியப் பாரு."

"நம்பாட்டா போ. அந்த மாதுளைக் கலரு மாவு மில்லுக்காரங்க வீடுதான? அதத் தை, பாப்போம்."

ஜெபமணி மாதுளையைச் சாம்பலோடு சேர்த்துத் தைத்தாள். கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது, மாவு மில் அவள் ஜன்னலைத் தாண்டிப் போனது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோதுமை அரைக்கக் கொடுத்தவர் பையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

நிறுத்திவிடலாம் என்றால் கம்மாய்க் கரையில் வீடுகள் நிற்கின்றன. ஆகவே தைத்துத்தான் தீரவேண்டும் என்று தெரு முடிவுசெய்தது. வார்டு கவுன்சிலர் வந்து பார்த்தார். வீடு கட்ட அனுமதிப் படிவம் இருக்கிறது, இடிக்க இருக்கிறது, நடக்க இல்லை, எனவே நகராட்சியைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மின்சாரக் கம்பிகள் வீடுகளோடு ரப்பர் மாதிரி நீண்டுகொடுத்தன. தபால்காரர் இரண்டு நாள் அலைந்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து நேராக ஜெபமணி வீட்டுக்கு வந்து, போர்வையை விரிக்கச் சொல்லிப் பார்த்து, கடிதங்களை அதன்படி அடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

போர்வையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் இன்னொன்றும் தெரிந்துபோனது. டெய்லரிடம் இரண்டரை மீட்டர் கொடுத்தால், இன்னும் அரை மீட்டர் வேணும் என்பதும், வாங்கிக் கொடுத்தபின் மிச்சம் எங்கே என்றால், வெட்டுல போயிருச்சு என்பதும் தையற்கடை பிறந்த நாளிலிருந்து உள்ள வழக்கம். வெட்டில் போனதெல்லாம் இங்கே ஓரடிச் சதுரங்களாக அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. மாவு மில்காரர் மனைவி தன் கல்யாண ரவிக்கையின் மாதுளைத் துண்டைத் தடவிப் பார்த்தாள். "பத்தவே பத்தாதுன்னு சொன்னீங்களே அக்கா" என்றாள். பிறகு, தன் வீடு அந்தத் துண்டின்மேல் நிற்பதை நினைத்து, "நல்லவேளை, பத்தல" என்று முடித்துக்கொண்டாள். அதற்குமேல் தெருவில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடுக்கக்கூடியவர்கள் ஐந்து வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் எப்போதும் பக்கத்திலேயே நின்று, கத்தரி விழுகிற ஒவ்வொரு துணுக்கையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள். அதனால் போர்வையில் அவர்களுக்குச் சதுரம் இல்லை. சதுரம் இல்லாததால் வீடு நகரவில்லை. அந்த ஐவரில் முதல் ஆள் சொர்ணத்தாய். ஒரு வாரத்துக்குள் சுற்றியிருந்த வீடெல்லாம் கிளம்பிப் போய், குப்பைத்தொட்டியும் அவளும் மட்டும் தனியாக நின்றபோது, அவள் புது ரவிக்கைத் துணி ஒன்றரை மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு எதுக்கு சொர்ணம்?"

"மிச்சத்த எடுத்துக்கோக்கா. திருடிக்கோ. நா கேக்கவே மாட்டேன்."

"முப்பத்தஞ்சுக்கும் ஆள் இருக்கு."

"நடுவுல ஒரு ஓட்டை கெடக்கே."

"அத மட்டும் கேக்காத" என்றாள் ஜெபமணி.

அந்த ஓட்டைக்குத்தான் எல்லாரும் கண் வைத்திருந்தார்கள். நடுத்தெரு, நல்ல காற்று, ஜெபமணி வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனை. அதைக் கேட்டுப் பால்கோவாவோடு வந்தார்கள், கருவாட்டோடு வந்தார்கள், ஒருவர் பேத்தியின் ஜாதகத்தோடுகூட வந்தார். ஜெபமணி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பதினாறு நாளில் பதினேழு சதுரங்களும் தைத்து முடிந்து, கம்மாய்க் கரை காலியாகி, போர்வையில் நடு ஓட்டை மட்டும் மிஞ்சியபோது, கிளிப்பச்சைத் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

தெருவுக்கு அவசரம் வந்தது கிணறுகளால். வீடுகள் நடந்தன, கிணறுகள் நடக்கவில்லை. மோட்டார் வீட்டோடு போய்விட, குழாய் பழைய கிணற்றிலேயே தொங்கியது. ஒருவர் மோட்டாரை இன்னொருவர் கிணற்றில் மாட்டி, அது ஆழம் தாங்காமல், பதினேழு மோட்டாரும் ஒரே வாரத்தில் புகைந்து நின்றன. டவுனில் இருந்த மெக்கானிக்குகள் வந்து பார்த்து, வீடு நடக்கிற தெருவில் வேலை செய்து பழக்கமில்லை என்று போய்விட்டார்கள். அப்போதுதான் அசன் மைதீன், நிதானமாக, "நம்ம எட்வின் அண்ணன் இருந்தா அரை நாள்ல முடிச்சிருப்பாக" என்றார். எல்லாரும் ஜெபமணி வீட்டைப் பார்த்தார்கள்; அசன் மைதீனே அவள் வாசலுக்குப் போனார்.

"பச்சைய வச்சு நாலு தையல் போடுங்கக்கா. வீடு தானா வரும், வீட்டோட அண்ணனும் வருவாக, ஒங்க தங்கச்சியும் வரும். ஒரே கல்லுல..."

"கூப்பிடாம இழுத்துட்டு வர அவ என்ன ஆட்டுக்குட்டியா பாய்?"

"அப்பக் கூப்பிடுங்க."

இவ்வளவு நாளும் யாரும் இதைச் சொல்லவில்லை. ஜெபமணி அன்று சாயங்காலம் எட்வின் நம்பரைக் கேட்டு வாங்கி, அசன் மைதீன் கடை பெஞ்சில் உட்கார்ந்து, தெருவே சுற்றி நிற்கப் போன் போட்டாள். எட்வினுக்குக் கையெல்லாம் கிரீஸ். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, போர்வை முடியப் போவுதுன்னு அவகிட்டச் சொல்லுங்க."

எட்வின் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சலோமியின் குரல் வந்தது. "எந்த வரிசையில தச்சான்னு கேளுங்க."

"நெறம் பாத்துத் தச்சேன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது.

"எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

"வீடு நடக்கும்னு அவளுக்குத் தெரியுமான்னு கேளுங்க தம்பி."

"வரிசைன்னா வரிசைன்னு அன்னைக்கே சொன்னேன்னு சொல்லுங்க."

"மதினி," என்றார் எட்வின், "நா எதுக்கு நடுவுல, போன வச்சுட்டுப் போறேன், நீங்களே பேசுங்களேன்." இரண்டு பக்கமும் உடனே அமைதியானது. அவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்து நின்றார்.

சலோமி கடைசியாகச் சொன்னது இது: "பத்தொன்பதாவது சதுரத்துலருந்து எல்லாத்தையும் பிரிச்சு, கதவு நம்பர்படி தச்சு முடிக்கட்டும். பெறகு என் துணியத் தொடட்டும். அதுக்கு முன்னால ஊசி பச்சையில பட்டுச்சுன்னா, வீடுதான் வரும், நா வரமாட்டேன். பஸ் ஸ்டாண்டுல குடியிருந்துக்கிடுவேன்னு சொல்லுங்க."

மறுநாள் காலை ஜெபமணி போர்வையை மடியில் போட்டுக்கொண்டு பிளேடை எடுத்தபோது, வாசலில் தெரு நின்றது. மாவு மில்காரருக்கு இப்போது கதவைத் திறந்தால் கோயில். பதினைந்து வருடம் சுவருக்குச் சுவர் சண்டை போட்ட இரண்டு குடும்பங்கள் தெருவின் இரண்டு முனைக்குப் போய், தூரத்திலிருந்து பார்க்க ஒருவருக்கொருவர் அவ்வளவு மோசமில்லை என்று கண்டிருந்தார்கள். கோமதிநாயகம் சார், தன்னைப் பழைய இடத்துக்கே மாற்றக் கோரி நகராட்சிக்கு எழுதிய மூன்று மனுக்களையும் வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். காரணம் கேட்டதற்கு, "சால்னா பற்றி எனக்குச் சில தவறான கருத்துகள் இருந்தன" என்றார்.

"ஒங்களுக்கு வீடு," என்றாள் ஜெபமணி. "எனக்குத் தங்கச்சி."

பிளேடை வைத்து ஒரு தையலை அறுத்தாள். தெருக் கோடியில் ஒரு வீடு தும்மியது மாதிரி அதிர்ந்து, பரணிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. அசன் மைதீன் மட்டும், "அக்கா, அவங்கள ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டும் பிரிக்கச் சொன்னா, நாங்களே ஆளுக்கொரு நூல் பிடுங்குதோம்" என்றார். ஜெபமணி பிளேடைக் கீழே வைத்தாள். செய்தி எட்வின் வழியாகப் போனது. பதில் எட்வின் வழியாக வந்தது: வியாழக்கிழமை, ரெண்டு மணி பஸ்.

சலோமி குடையும் ஊசிப்பெட்டியுமாக வந்து இறங்கினாள். யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்காமல், தெருவை முதல் வீட்டிலிருந்து நடந்து பார்த்தாள். முப்பத்தொன்பது வீட்டு ஆட்களும் பரீட்சைத்தாள் திருத்தப்படுகிற பிள்ளைகள் மாதிரி பின்னாலேயே நடந்தார்கள். எந்த வீட்டின் முன்னும் அவள் நிற்கவில்லை. கோமதிநாயகம் சார் வீட்டு வேப்பமரத்தின்முன் மட்டும் நின்று, அது புது இடத்தில் தளிர் விட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு ஜெபமணி வீட்டுக்குள் வந்து, அக்காவுக்கு ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்து, சொர்ணத்தாயைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தாள். சொர்ணத்தாய் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எங்கும் உட்கார்ந்ததில்லை.

"போர்வைய விரிக்கச் சொல்லு."

"விரிக்கணுமாம் யக்கா."

ஜெபமணி விரித்தாள். சலோமி குனிந்து, தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, கடைசியில் நடுவில் இருந்த ஓட்டைக்கு வந்து விரலை நிறுத்தினாள்.

"எல்லாம் நெறம் பாத்துத்தானே தச்சா. அப்படின்னா பச்சைக்கு அந்த மூலையில, எலுமிச்சைக்குப் பக்கம்தான் எடுப்பா இருக்கும். அங்க ஏன் வைக்கலன்னு கேளு. இங்க ஏன் ஓட்டை கெடக்குன்னு கேளு."

"அது அவ எடம்னு சொல்லு" என்றாள் ஜெபமணி. "மத்தவங்க நெறப்படி போனாங்க. அவளுக்கு மட்டும் வரிசைப்படின்னு சொல்லு."

சொர்ணத்தாய் சொன்னாள். சலோமி ஓட்டையின் ஓரத்தை விரலால் அளந்தாள்.

"காப்பிக்கொட்டையும் பச்சையும் சேருதான்னு கேளு."

ஜெபமணி தலையணைக்கு அடியிலிருந்து கிளிப்பச்சையை எடுத்து, தன் சதுரத்தின் பக்கத்தில் வைத்து, புதுக் கண்ணால் வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

"சேரல. கண்ணு தெரிஞ்ச பெறகு இன்னும் கேவலமா இருக்கு. இருந்தாலும் அங்கதான்னு சொல்லு."

சொர்ணத்தாய் எப்போதும் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். இதை அப்படியே சொன்னாள்.

சலோமி கையை நீட்டிப் பச்சைத் துண்டை வாங்கிக்கொண்டாள். ஊசிப்பெட்டியைத் திறந்து, நூலைத் தானே கோத்து, துண்டை ஓட்டையில் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடிந்தபோது ஜெபமணி எட்டிப் பார்த்தாள்.

"துணி புரண்டிருக்குன்னு சொல்லு. உள்பக்கம் மேல இருக்கு."

"தெரியும்னு சொல்லு" என்றாள் சலோமி, தைத்துக்கொண்டே.

மணி நாலேகாலுக்கு அவள் கடைசி நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். பத்தொன்பது வருடமும் இருபத்துநாலு நாளும் ஆன போர்வை அப்படியாக முடிந்தது. முடிந்ததும் பக்கத்துக் காலி மனையில் செங்கல் குப்பைகள் தாமாகவே ஓரம் ஒதுங்கின. ஆனால் வீடு உடனே வரவில்லை, ஏனென்றால் அது சுரண்டையிலிருந்து வரவேண்டும், வழியில் ரயில்வே கேட் வேறு. அது கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றதையும், ரயில் போனபின் ஒரு மினி பஸ்ஸை முந்தியதையும் பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஐந்தே முக்காலுக்கு அது தெருமுனையில் திரும்பியது. மொட்டைமாடியில், தலைக்கு எண்ணெய் தேய்த்து, இடுப்பில் துண்டோடு எட்வின் நின்றார். தெரு வழிவிட்டது. வீடு மனைக்குள் பின்பக்கமாக ஏறி, இரண்டு தடவை முன்னும் பின்னும் அசைந்து, உட்கார்ந்தது.

"குளிக்கப் போற நேரம் பாத்தா இழுப்பீங்க" என்றார் எட்வின் மேலேயிருந்து. அவர் இறங்கி வருவதற்குள் வாசலில் பதினேழு மோட்டார்கள் வரிசையில் வைக்கப்பட்டிருந்தன.

வாசல் என்றால் கம்மாய்ப் பக்கம். புரட்டித் தைத்த துணி மாதிரியே வீடும் புரண்டு நின்றது. முன்கதவு, முகப்பு, எழுதிவைத்த பைபிள் வசனம் எல்லாம் கம்மாயைப் பார்த்திருந்தன. தெருவுக்கும் ஜெபமணி வீட்டுக்கும் தெரிந்தது பூசாத பின்சுவரும் கரி பிடித்த புகைக்கூண்டும்தான். தெரு ஜெபமணியைப் பார்த்தது. சலோமி குடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தெருமுனை வரை போய்க் கம்மாய்க் கரை வழியாகச் சுற்றி நடந்து, முன்கதவைத் திறந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. சொர்ணத்தாய் மோட்டார் பக்கம் போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள்.

ஜெபமணி போர்வையை மடிக்கப் பார்த்து, மடித்தால் என்னென்ன ஆகுமோ என்று கட்டிலில் விரித்தபடியே விட்டுவிட்டு, அடுக்களைக்குப் போய் விளக்கைப் போட்டாள். வேறு வேலை ஒன்றும் தோன்றாததால், கழுவி வைத்த தம்ளர்களை மறுபடி கழுவினாள்.

அவள் அடுக்களைக் கதவுக்கு நேர் எதிரே, இரண்டு கை தூரத்தில், வீடு புரண்டதால் இந்தப் பக்கம் வந்துவிட்ட சலோமி வீட்டுப் பின்கதவு திறந்தது. அந்தக் கதவுக்கு உள்ளே சலோமியின் அடுக்களை. கையில் தோசைக்கரண்டியோடு நிலையில் வந்து நின்ற சலோமி, யாராவது நடுவில் இருக்கிறார்களா என்று இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். சொர்ணத்தாயைக் காணோம். பூனைகூட இல்லை. உள்ளே கல் புகைய ஆரம்பித்திருந்தது.

"கல்லு காயுது," என்றாள் சலோமி. "ஒனக்கு எத்தன?"

ஜெபமணியும் ஒரு தடவை இடமும் வலமும் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு போதும்" என்றாள்.

சலோமி உள்ளே திரும்பிப் போனாள். மாவு கல்லில் விழுந்து சொய்யென்று கேட்டது.

"மூணாப் போடு" என்றாள் ஜெபமணி.